மூலமும் உரையும்: 'யூலிஸஸ்' நாவலைப் படிப்பது பற்றி

பழைய புத்தகக் கடையொன்றில் நான் வாங்கிய 'யூலிஸஸ்' பிரதியின் ஐந்தாம் அத்தியாயத்தில், லியோபோல்ட் புளூம் என்னும் விளம்பர முகவன், தெருவில் எதிர்ப்பட்ட பாண்டம் லயன்ஸ் என்பவனிடம், கையிலிருக்கும் செய்தித்தாளை எறிந்துவிடத்தான் போகிறேன், நீயே வைத்துக்கொள் என்று சொல்லுமிடத்தில், எனக்கு முன்னர் அந்தப் பிரதியை உடைமையாகக் கொண்டிருந்த யாரோ ஒருவர், கூரிய பென்சிலால் பக்க ஓரத்தில் 'குதிரையின் பெயர்' என்று ஆங்கிலத்தில் எழுதி, அதன் கீழ் இரண்டு கோடுகளும் இழுத்து வைத்திருந்தார். அந்தச் சிறு குறிப்பு என்னிடமிருந்து எதைப் பறித்துக்கொண்டது என்பது, நாவலை முற்றும் படித்து முடித்த பின்னரே எனக்கு விளங்கிற்று.

1904ஆம் ஆண்டு ஜூன் மாதம் 16ஆம் தேதி, இங்கிலாந்தில் ஆஸ்காட் என்னுமிடத்தில் நடைபெற்ற தங்கக் கோப்பைப் பந்தயத்தில், ஒன்றுக்கு இருபது என்ற விகிதத்தில் நின்ற, வெல்லக்கூடுமென்று அநேகமாக ஒருவரும் கருதாத 'த்ரோஅவே' என்னும் குதிரை முதலாவதாக வந்தது. எறிந்துவிடத்தக்கது என்பதே அந்தப் பெயருக்குப் பொருள். மெய்யாக நிகழ்ந்த இச்சம்பவத்தை ஜேம்ஸ் ஜாய்ஸ் தமது நாவலுக்குள் மெல்லியதோர் இழையாக ஓடவிட்டிருக்கிறார். புளூம் சாதாரணமாகச் சொன்ன வார்த்தையை லயன்ஸ் பந்தயக் குறிப்பென்று கொண்டு விரைந்து போகிறான். ஏன் விரைகிறான் என்பது புளூமுக்கும் தெரியாது, முதன்முறை படிக்கும் வாசகனுக்கும் தெரியாது. பின்னர்ப் பன்னிரண்டாம் அத்தியாயத்தில், பார்னி கியர்னனுடைய மதுக்கடையில் கூடியிருப்போர், புளூம் அந்தக் குதிரையின்மேல் பணம் கட்டி வென்றுவிட்டு, ஒருவருக்கும் ஒரு கோப்பை மது வாங்கித்தர மனமில்லாமல் மறைக்கிறான் என்று நம்பி, அவன் யூத வமிசத்தவன் என்பதனால் ஏற்கனவே நெஞ்சில் புகைந்துகொண்டிருந்த வெறுப்பையெல்லாம் அவன்மேல் கொட்டும்போது, தான் அறியாத காரணம் பற்றித் துவேஷத்துக்கு ஆளாகும் ஒரு மனிதனுடைய நிலையை, அவனைப் போலவே ஒன்றும் அறியாதிருந்த வாசகனும் உணர்ந்து, ஐந்தாம் அத்தியாயத்தைத் திரும்பப் புரட்டிப் பார்த்துத் திடுக்கிட வேண்டும் என்பது நாவலாசிரியர் செய்த ஏற்பாடு. எனக்கு அந்தத் திடுக்கீடு கிடைக்கவில்லை. ஏழு அத்தியாயங்களுக்கு முன்னமே விடை என் கையில் திணிக்கப்பட்டிருந்தது.

பென்சில் குறிப்பில் பிழையொன்றும் இல்லை. எழுதியவர் பின்னால் வருவோருக்கு உபகாரம் செய்வதாகவே நினைத்திருப்பார். அவ்வாறு உதவி செய்யும் எண்ணத்துடன் எழுதப்பட்ட பெரிய உரைநூல்கள் சிலவும் அதே இடத்தில் அதே செய்தியைச் சொல்லிவிடுகின்றன. ஆயினும், இந்த ஒரு நஷ்டத்தை எடுத்துக்காட்டி, கடினமான நாவல்களை உரையின் துணையின்றியே படிக்க வேண்டும் என்று நான் வாதிப்பேனாயின், அது நன்றி மறந்த செயலாகும். அந்த உரைகள் இல்லாவிட்டால் 'யூலிஸஸ்' நாவலின் பாதியை நான் கடந்திருக்க மாட்டேன். உரை வேண்டுமா வேண்டாவா என்பதன்று ஆராயத்தக்க விஷயம். எந்த இருளுக்கு உரை விளக்காகும், எந்த இருளை அது தொடாமல் விட வேண்டும் என்பதே.

இந்த நாவல் 1922ஆம் ஆண்டு பிப்ரவரி 2ஆம் தேதி, ஜாய்ஸின் நாற்பதாவது பிறந்த நாளன்று, பாரிஸ் நகரில் ஸில்வியா பீச் என்னும் அமெரிக்கப் பெண்மணி நடத்திவந்த 'ஷேக்ஸ்பியர் அண்டு கம்பெனி' என்ற புத்தகக் கடையின் வெளியீடாக, 1000 பிரதிகளும் 732 பக்கங்களுமாக வெளிவந்தது. கதை முழுவதும் டப்ளின் நகரில் ஒரே நாளில், குதிரை வென்ற அந்த ஜூன் 16ஆம் தேதியில் தொடங்கி மறுநாள் விடியற்காலத்துக்குள் முடிகிறது. பர்மாவில் நீதிபதியாக இருந்து விலகிப் பாரிஸில் குடியேறிய ஸ்டூவர்ட் கில்பர்ட், ஜாய்ஸின் உதவியுடனேயே எழுதிய விளக்கநூல் 1930இல் வந்தது. ஜூரிச் நகரில் ஜாய்ஸுடன் பழகிய ஓவியர் ஃபிராங்க் பட்ஜென், நாவல் உருவான கதையை 1934இல் எழுதினார். அத்தியாயம் அத்தியாயமாகக் கதையைச் சொல்லிச் செல்லும் ஹாரி பிளமையர்ஸின் கையேடு 1966இலும், மேற்கோள்களையும் குறிப்பீடுகளையும் தொகுத்த வெல்டன் தார்ன்டனின் நூல் 1968இலும், டான் கிஃபோர்டு ராபர்ட் சைட்மனுடன் சேர்ந்து செய்த குறிப்புரை 1974இலும், அதன் விரிவான பதிப்பு 1988இலும் வெளிவந்தன. நாவலின் நூற்றாண்டான 2022இல் சாம் ஸ்லோட் முதலியோர் செய்த மிகப் பெரிய உரைத் தொகுதியும் அச்சேறிற்று. உரைகளின் மொத்தப் பருமன் மூலத்தைப் பன்மடங்கு விஞ்சிவிட்டது.

இத்தனை உரைகளையும் மூலத்தோடு ஒப்பிட்டு நோக்குகையில், நாவலில் உள்ள கடினம் ஒரே தன்மையதன்று என்பது புலனாகிறது. காலமும் தேசமும் மாறியமையால் வந்து சேர்ந்த கடினம் ஒன்று. ஆசிரியர் வேண்டுமென்றே வைத்த கடினம் மற்றொன்று. முன்னது ஆசிரியரின் சித்தத்தில் இல்லாதது. அவர் எழுதிய காலத்து டப்ளின்வாசி எவனுக்கும் தெரிந்திருந்த செய்தி, நமக்குத் தெரியாமையால் நேர்ந்த குறை. பின்னது கலையின் பாற்பட்டது. அந்தக் காலத்து டப்ளின்வாசிக்கும் அது அதே அளவு இருளாகவே இருந்தது, இருக்கவும் வேண்டும்.

முதல் வகைக்கு ஆறாம் அத்தியாயத்தைக் காண்க. பாடி டிக்னம் என்பவனுடைய சவ அடக்கத்துக்காகக் கிளாஸ்னெவின் மயானத்துக்குச் சென்றோருள் சிலர், அடக்கம் முடிந்தபின் தலைவருடைய சமாதியைப் பார்த்துவரப் புறப்படுகிறார்கள். அவர் அந்தக் குழியில் இல்லை, பெட்டிக்குள் கற்களே நிரப்பப்பட்டன, ஒருநாள் திரும்பி வருவார் என்று சிலர் சொல்வதாக ஒருவன் கூறுகிறான். தலைவர் என்றால் யார் என்பது அக்காலத்து அயர்லாந்தில் குழந்தைக்கும் தெரியும். சார்ல்ஸ் ஸ்டூவர்ட் பார்னெல் என்பவர் அயர்லாந்தின் சுயாட்சிக் கட்சிக்குத் தலைமை தாங்கியவர். பிறன் மனைவியாகிய ஓஷே என்னும் பெண்மணியுடன் அவருக்கிருந்த உறவு 1890இல் விவாகரத்து வழக்கொன்றில் வெளிப்பட, சொந்தக் கட்சியினராலேயே கைவிடப்பட்டு, மறு ஆண்டிலேயே உயிர் நீத்தார். இந்தக் குறிப்பு இல்லாதவன், மயானத்தில் நிற்கும் அந்த மனிதர்களுடைய தாழ்ந்த குரலில் உள்ள துக்கத்தையும் வெட்கத்தையும் எப்படி அறிவான்? அன்றைய மாலை நான்கு மணிக்குத் தன் மனைவியைத் தேடி வேறொருவன் வீட்டுக்கு வரப்போகிறான் என்று அறிந்தும் வாய் திறவாமல் ஊரைச் சுற்றிக்கொண்டிருக்கும் புளூமின் பக்கத்தில் இந்தப் பேச்சு நிகழ்கிறது என்பதன் பாரமும் அவனுக்குப் புலப்படாது. இவ்விடத்தில் உரை இன்றியமையாதது. அவ்வாறே, பள்ளி ஆசிரியனாகிய ஸ்டீபன் டெடலஸ் அன்று காலையில் பெற்ற சம்பளம் 3 பவுன் 12 ஷில்லிங் என்று படிக்கும்போது, ஒரு பவுனுக்கு 20 ஷில்லிங், ஒரு ஷில்லிங்குக்கு 12 பென்ஸ் என்ற கணக்கேனும் கையிலிருந்தால்தான், இரவுக்குள் அந்த வாலிபன் அதை எவ்வளவு அலட்சியமாகக் கரைக்கிறான் என்பது மனத்தில் உறைக்கும்.

காலம் அழித்துவிட்ட அறிவை மீட்டுத் தருவது எத்தனை பெரிய காரியம் என்பதை நம்மவர்க்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. 1880இல் கும்பகோணத்தில் சேலம் இராமசாமி முதலியார் கேட்ட கேள்வியினால் சீவகசிந்தாமணியை முதன்முதலாகக் கையிலெடுத்த உ.வே. சாமிநாதையர், நச்சினார்க்கினியர் உரை கண்முன் இருந்தும், ஜைன சமயக் கருத்துகள் பலவும் விளங்காமல் திகைத்து, அவ்வூரில் வாழ்ந்த ஜைனர்களைத் தேடிச் சென்று கேட்டுத் தெளிந்தார். 1887இல் அந்நூல் அச்சில் வந்ததற்கு ஏட்டுச்சுவடிகளைப் போலவே அந்த மனிதர்களுடைய நினைவும் காரணமாயிற்று. நூலுக்குள் இல்லாததும், நூல் பிறந்த சமுதாயத்துக்குள் உயிரோடு இருப்பதுமாகிய அறிவு அது. கிஃபோர்டு முதலியோர் 1904ஆம் ஆண்டின் செய்தித்தாள்களையும் டப்ளின் முகவரிப் புத்தகங்களையும் தோண்டியெடுத்துச் செய்திருப்பதும் அந்த ஜாதி உழைப்பே. அதற்கு நான் தலைவணங்குகிறேன்.

இனி இரண்டாவது வகை. மயானத்தில் பழுப்பு நிற மழைக்கோட்டு அணிந்த ஒருவன் நிற்கிறான். அவன் யாரென்று புளூமுக்குத் தெரியவில்லை. பத்திரிகைக்காக வந்தோர் பெயர்களைக் குறித்துக்கொள்ளும் ஹைன்ஸ் அவனைப் பற்றிக் கேட்க, புளூம் அவன் அணிந்திருக்கும் 'மாக்கின்டோஷ்' என்னும் மழைக்கோட்டைச் சொல்ல, அதையே அவனுடைய பெயரென்று ஹைன்ஸ் எழுதிக்கொண்டு போய்விடுகிறான். மாலைப் பத்திரிகையில், இல்லாத மனிதனொருவன் பெயர் சவ அடக்கத்துக்கு வந்தோர் வரிசையில் அச்சாகிவிடுகிறது. நாவல் முடியும் வரையில் அவன் யாரென்பது சொல்லப்படுவதில்லை. அவன் ஜாய்ஸேதான் என்றார் நாவலாசிரியர் நபோகவ். வேறு பலர் வேறு பல பெயர்களைச் சொன்னார்கள். டெனிஸ் பிரீன் என்னும் பாவப்பட்ட மனிதனுக்கு 'யூ.பி.' என்று தொடங்கும் ஒரு தபாலட்டை வருகிறது. எழுதியவன் பெயர் இல்லை. பிரீனோ பத்தாயிரம் பவுன் நஷ்டஈடு கேட்டு வழக்குத் தொடுப்பேனென்று சட்டப் புத்தகங்களைச் சுமந்து நகரமெங்கும் அலைகிறான். அந்த எழுத்துகளின் பொருள் என்ன என்பதற்கு உரைகாரர்கள் தந்துள்ள விடைகள் நீண்டு கிடக்கின்றன. அவற்றைப் படிப்பது எனக்கும் விருப்பமே. ஆனால், பொருள் தெரியாத ஓர் அவமானம் மனிதனைப் பொருள் தெரிந்த அவமானத்தைவிட அதிகமாக வதைக்கிறது என்பதைத்தான் அந்தத் தபாலட்டை காட்டுகிறது. விடை ஒன்றைக் கண்டுபிடித்து வைத்துக்கொண்ட வாசகன் பிரீனுடைய வேதனையிலிருந்து வெளியேறிவிடுகிறான்.

இருளே இல்லாத இடத்திலும் வாசகனே கண்டு மகிழவேண்டிய சிறு நுட்பங்கள் உண்டு. புளூமின் தொப்பிக்குள்ளே, விற்ற கடையின் பெருமை அச்சிட்ட வாசகத்தில், தொப்பி என்பதைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் கடைசி எழுத்து வியர்வையால் அழிந்துபோயிருக்கிறது. ஜாய்ஸ் அழிந்த எழுத்தை விட்டுவிட்டே அச்சிட்டிருக்கிறார்; காரணம் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு கணம் அச்சுப்பிழையோ என்று மயங்கிய கண், மறுகணம் அந்தத் தொப்பியின் பழமையையும், அதை அணிந்தவன் வெயிலில் நடந்த நடையையும், மாற்றிக்கொள்ள வகையில்லாத சிக்கனத்தையும் ஒருசேரக் காண்கிறது. பிறர் சொல்லக் கேட்டால் இது ஒரு தகவல். தானே கண்டால் அந்தத் தொப்பி தன் கையிலேயே இருப்பது போன்றதோர் உணர்வு.

உதவி செய்யும் ஆர்வம் மூலத்தையே மாற்றிவிடக்கூடும் என்பதற்கு இந்த நாவலின் அச்சு வரலாற்றிலேயே சான்று கிடைக்கிறது. பாரிஸிலிருந்த ஸ்டீபனுக்குத் தாய் மரணப் படுக்கையில் இருக்கிறாள் என்று தகப்பன் அனுப்பிய தந்தியில், தாய் என்னும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்தாகிய 'எம்' தவறி 'என்' என்று விழுந்திருந்தது. பிறருக்குக் காட்டத்தக்க விசித்திரப் பொருளென்று ஸ்டீபன் அந்தத் தந்தியை நினைவுகூர்வதற்குக் காரணம் அந்தப் பிழையே. ஜாய்ஸ் கைப்பட எழுதிய பிரதியில் அது பிழையாகவே இருக்க, அச்சேறும் வழியில் யாரோ அதைத் திருத்திச் செம்மையாக்கிவிட்டார்கள். ஹான்ஸ் வால்ட்டர் காப்லர் 1984இல் வெளியிட்ட பதிப்பில் அந்த எழுத்து மீண்டும் பிழையாயிற்று. அதுவரையில், அறுபது ஆண்டுகளுக்கு மேலாக, அந்தத் தந்தியில் விசித்திரம் யாதென்று தெரியாமலே வாசகர்கள் கடந்து சென்றார்கள். தாயின் மரணச் செய்தி தாய் என்ற சொல்லையே சிதைத்துக்கொண்டு வந்து சேர்ந்த கொடுமை, இருளை ஒரேயடியாக நீக்கிவிடும் ஆர்வத்தினால் மறைந்து கிடந்தது.

கில்பர்ட்டின் விளக்கநூலைப் பற்றி எனக்குள்ள தயக்கமும் இதைச் சார்ந்ததே. ஹோமரின் 'ஒடிஸி' காவியத்தோடு தமது அத்தியாயங்களைப் பொருத்தி, ஒவ்வோர் அத்தியாயத்துக்கும் ஓர் அவயவம், ஒரு கலை, ஒரு குறியீடு, ஒரு நடை என்று வகுத்த அட்டவணையொன்றை ஜாய்ஸ் 1920இல் இத்தாலிய எழுத்தாளர் கார்லோ லினாட்டிக்கு அனுப்பினார். 1921இல் மற்றொன்றைப் பிரெஞ்சு எழுத்தாளர் வலேரி லார்போவுக்குத் தந்தார். அந்த இரண்டாவது அட்டவணையே கில்பர்ட்டின் நூலுக்கு அஸ்திவாரம். நாவல் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் தடைசெய்யப்பட்டிருந்த அந்நாளில், அது வெறும் ஆபாசக் குப்பையன்று, ஒழுங்கு நிறைந்த சிருஷ்டி என்று நிறுவுவதற்கு அந்த அட்டவணை பெரிதும் உதவிற்று. அதனை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆயினும், ஹோமரின் பெயர்களை ஜாய்ஸ் தமது கடிதங்களில் வழங்கினாரேயன்றி, அத்தியாயத் தலைப்புகளாக நூலில் அச்சிடவில்லை என்பதை மறக்கலாகாது. நான்காம் அத்தியாயத்துக்கு உரிய அவயவம் சிறுநீரகம் என்று முன்கூட்டியே அறிந்த வாசகனுக்கு, புளூம் காலை உணவுக்காக அடுப்பில் வைத்துவிட்டு வந்த பன்றியின் சிறுநீரகம் ஓர் அடையாளமாகவே கண்ணில் படும். மாடியில் மனைவிக்கு மறுபிறப்பு என்னும் சொல்லின் பொருளை அவன் விளக்கிக்கொண்டிருக்கையில் கீழேயிருந்து தீய்ந்த வாடை வர, அவள் மூக்கு அதை முதலில் உணர, அவன் படிகளில் ஓட்டமாக இறங்கிப் போய், கருகிய பாகத்தை அரிந்து பூனைக்கு எறிந்துவிட்டு மிச்சத்தைச் சுவைத்து உண்ணும் அந்தக் குடும்ப வாழ்க்கையின் வாசனை அந்த வாசகனுக்கு எட்டாது. கார்னெல் பல்கலைக்கழகத்தில் இந்த நாவலைப் பாடமாக நடத்திய நபோகவ், ஹோமர் ஒப்புமையை ஒதுக்கிவிட்டு, புளூமும் ஸ்டீபனும் நடந்த தெருக்களின் வரைபடத்தை மாணவர்க்குக் காட்ட வேண்டும் என்ற அபிப்பிராயம் உடையவர்; அது முற்றும் சரியென்று கொள்ளாவிடினும், என் மனம் அவர் பக்கமே சாய்கிறது. முல்லைப்பாட்டின் அடிகளை இங்கொன்றும் அங்கொன்றுமாக மாட்டிப் பொருள் கொண்ட நச்சினார்க்கினியரை மறுத்து, பாட்டு நடந்த வழியே பொருள் காண வேண்டும் என்று மறைமலையடிகள் 1903இல் தமது ஆராய்ச்சியுரையில் வற்புறுத்தியதும், மூலத்தின் நடையே உரைக்கு எல்லை என்னும் இதே கருத்தின் பாற்பட்டது.

அங்ஙனமாயின் வாசகன் செய்யத்தக்கது யாது? டாக்டர் ஜான்சன் 1765இல் தாம் பதிப்பித்த ஷேக்ஸ்பியர் நாடகங்களுக்கு எழுதிய முன்னுரையில், முதன்முறை படிப்போன் உரைகாரர் எவரையும் நினையாமல், விளங்கியதையும் விளங்காததையும் ஏற்றுக்கொண்டு, கதையின் ஓட்டத்திலேயே இறுதிவரை சென்றுவிட வேண்டும், உரைகளை நாடுவது அதற்குப் பிறகுதான் என்று அறிவுறுத்தினார். நாடகம் சில மணி நேரத்தில் முடிவது. 700 பக்க நாவலுக்கு இந்த விதியை அப்படியே கொள்ளுதல் இயலாது. ஆகவே நான் அத்தியாயத்தையே அளவாக வைத்துக்கொண்டேன். ஓர் அத்தியாயத்தை உரையின்றி ஒருமுறை, இயன்றால் வாய்விட்டு, படித்துவிடுவது. பின்னர் அதற்குரிய குறிப்புகளைத் தனியே ஒருமுறை படிப்பது. மறுநாள் அந்த அத்தியாயத்தை மீண்டும் மூலமாகவே படிப்பது. பக்கத்தின் அடியிலேயே குறிப்புகள் நெருங்கிக் கிடக்கும் பதிப்பைக் காட்டிலும், கிஃபோர்டின் நூலைப் போலத் தனிப் புத்தகமாக உள்ள உரையே எனக்கு உசிதமாகப் பட்டது. ஒன்றை மூடிவைத்துவிட்டு மற்றொன்றைத் திறக்க வேண்டியிருக்கும் அந்தச் சிரமமே வாசகனைக் காப்பாற்றுகிறது. பள்ளி நாட்களில் பாடநூலைத் திறவாமல் 'நோட்ஸ்' மட்டும் படித்துத் தேர்வு எழுதிய பழக்கம் நம்மில் பலருக்கு எலும்பில் ஊறியிருப்பதால், இந்த எச்சரிக்கை வேண்டியே இருக்கிறது.

மூன்றாம் அத்தியாயத்தில்தான் வாசகர் பலரும் புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். ஸாண்டிமவுண்ட் கடற்கரையில் தனியே நடக்கும் ஸ்டீபனுடைய சிந்தனை அரிஸ்டாட்டில், ஜேக்கப் போமே, தாந்தே என்று கணத்துக்குக் கணம் தாவுகிறது. முதல் பக்கத்துக்கே உரைநூலில் எத்தனையோ குறிப்புகள். முதன்முறை நான் ஒவ்வொரு சொல்லுக்கும் நின்று, அரிஸ்டாட்டிலின் புலன் பற்றிய கொள்கையைக் கூடத் தேடிப் படித்தேன். இரண்டு பக்கம் கடக்க ஒரு மாலைப்பொழுது ஆயிற்று, மனத்தில் ஒன்றும் நிற்கவில்லை. பின்னொரு நாள் குறிப்புகளை அகற்றிவைத்துவிட்டு அதே பக்கத்தைப் படித்தபோது, இருபத்திரண்டு வயது வாலிபன் ஒருவன் கண்களை மூடிக்கொண்டு, பூட்ஸின் கீழே கிளிஞ்சல்கள் நொறுங்கும் ஓசையைக் கேட்டவாறே நடந்து, நான் பாராத நேரத்தில் உலகம் மறைந்துபோயிருக்குமோ என்று ஐயுற்று, கண்ணைத் திறந்து, அது இருக்கக் கண்டான் என்ற காட்சி தெள்ளத் தெளிவாகத் தெரிந்தது. அதன் பிறகு அரிஸ்டாட்டிலைப் பற்றிய குறிப்பு பாரமாக இல்லை. அந்தப் பிள்ளை கண்ணை மூடியதற்குக் காரணமாக அது வந்து பொருந்திற்று.

நூலாசிரியருக்கே குறிப்புரை தேவைப்பட்ட சந்தர்ப்பமும் உண்டு. இறுதிப் பகுதியில் புளூம், கதவின் சாவியை மறந்துவிட்டமையால், எக்கிள்ஸ் தெருவின் 7ஆம் எண் வீட்டு இரும்புக் கம்பி வேலியைத் தாண்டி, அடித்தள வாயிலருகே குதித்து உள்ளே போக வேண்டியிருந்தது. அந்த வீட்டில் முன்னர்க் குடியிருந்த ஜாய்ஸின் நண்பர் பர்ன், 1909இல் ஓரிரவு சாவியை மறந்துவிட்டு அவ்வாறே குதித்திருந்தார். ஆனால் பர்ன் கட்டுடல் உடையவர், புளூமோ முப்பத்தெட்டு வயதுச் சாதாரண மனிதன். பாரிஸிலிருந்த ஜாய்ஸ் 1921ஆம் ஆண்டு நவம்பரில் டப்ளினிலிருந்த தம் மாமி ஜோஸஃபின் முர்ரேக்குக் கடிதம் எழுதி, சாதாரண மனிதனொருவன் அந்தக் கம்பிகளைத் தாண்டித் தொங்கி, அடிபடாமல் இறங்க முடியுமா என்று கேட்டார். இன்று அந்த வீடு இல்லை. இடித்து மருத்துவமனையின் கட்டடத்துக்கு இடமாக்கிவிட்டார்கள். முன்கதவு மட்டும் அதே நகரில், ஜாய்ஸின் பெயரால் அமைந்த நிலையத்தில் பாதுகாக்கப்படுகிறது. கம்பியின் உயரத்தையும் கீழேயுள்ள தளத்தின் ஆழத்தையும் அறிய விரும்புகிறவன் இனி அந்தத் தெருவில் போய் நின்று பயனில்லை. உரைநூலைத்தான் திறக்க வேண்டும். புளூம் ஏன் கதவைத் தட்டி மனைவியை எழுப்பவில்லை என்று அறிய விரும்புகிறவன் மூலத்தையே மீண்டும் படிக்க வேண்டும்.